பூனை பழிவாங்குவதில்லை



இந்தப் பக்கத்தில் வழமையாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று எழுதிவரும் நாம், இம்முறை பூனையின் சிறுநீரைப் பற்றி எழுதுகிறோம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். "டொக்டருக்கு எழுத வேறு விடயம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்கவும் கூடும். ஆனால் அண்மையில் சங்க நிகழ்ச்சிகளில் எம்மை ஓரமாக அழைத்துப் பேசியவர்களில் மூன்று குடும்பத்தினர் கேட்டது இதைத்தான்: "டொக்டர், வீட்டுப் பூனை தன்ரை மணல் தட்டை விட்டிட்டுக் கட்டில்லையும் கம்பளத்திலையும் சலம் போகுது. என்ன செய்யலாம்?" அதில் ஒரு குடும்பம் பூனையை யாரிடமாவது கொடுத்துவிட முடிவு செய்துவிட்டது. இன்னொரு வீட்டில் தகப்பனும் மகளும் இதனால் இரண்டு கிழமையாகப் பேசிக்கொள்வதில்லை.

நாம் மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர்கள். பூனைக்கு மருந்து எழுதும் தகைமை எமக்கு இல்லை. அது மிருக வைத்தியரின் வேலை. ஆனால் இதே விடயத்தில் எமது சொந்த வீட்டில் நாம் விட்ட பிழை ஓர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. அதையும் அதிலிருந்து கற்றதையும் சொல்லும் கடமை எமக்கு உண்டு என்று நினைக்கிறோம்.

எங்கள் வீட்டுச் சின்னான்

2015ஆம் ஆண்டு மகனின் பிடிவாதத்தால் எங்கள் லண்டன் வீட்டுக்கு வந்தவன் சின்னான். கறுப்பு வெள்ளை ஆண் பூனை. குட்டியாக இருக்கும்போதே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. வீடு பெருந்தெருவுக்கு அருகில் இருப்பதால் அவனை வெளியே விடுவதில்லை. கடைகளில் 'லிற்றர் ட்ரே' என்று விற்கும் மணல் தட்டு ஒன்றைப் பின்னறையில் வைத்திருந்தோம். நான்கு வருடமாக அவன் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

2019ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அப்பா காலமானார். தனித்துப்போன அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பின்னறை அம்மாவின் அறையானது. மணல் தட்டு குசினிக்குப் பக்கத்துச் சிறு அறைக்கு, உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு அருகில் போனது. சாவீட்டுக்கு வந்துபோனவர்களால் வீடு ஒரு மாதம் சந்தடியாகவே இருந்தது. பூனைக்கு இதெல்லாம் ஒரு மாற்றம் என்று எமக்கு அப்போது தோன்றவே இல்லை.

முதலில் அம்மா மடித்து வைத்திருந்த நூற்சேலையில் சலம் போனான். பிறகு அம்மாவின் கட்டிலில். மூன்றாவது தடவை நாம் வேலைக்குக் கொண்டுபோகும் பையில். அம்மா சொன்னார்: "உது பழிவாங்குது தம்பி. நான் வந்தது உதுக்குப் பிடிக்கேல்லை." நாமும் அதை நம்பினோம். வைத்தியம் படித்து இத்தனை வருடம் தொழில் பார்த்த பிறகும் நம்பினோம். அவனைப் பிடித்து ஈரத்தில் மூக்கைத் தேய்த்தோம். ஒரு இரவு குளியலறையில் பூட்டியும் வைத்தோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. சின்னான் மணல் தட்டுக்கும் படிக்கட்டுக்கும் மாறி மாறிப் போனான். தட்டில் குந்துவான், முக்குவான், ஒன்றும் வராமல் எழும்புவான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். அம்மா, "அரைப் பனடோலைக் கரைச்சுக் குடுத்துப் பார்" என்றார். நாமும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போது மகள்தான் வந்து, "அப்பா, இவன்ரை வயித்தைத் தொட்டாக் கத்துறான்" என்றாள்.

தொட்டுப் பார்த்தோம். அடிவயிற்றில் தேசிக்காயை விடப் பெரிதாக, கல்லுப்போல இறுகிய ஒரு உருண்டை. மனிதரில் எத்தனையோ தடவை எமது கை அறிந்த பொருள் அது. அடைபட்ட சிறுநீர்ப்பை.

இரவோடு இரவாக மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தில் பொற்றாசியம் ஏறியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கதீற்றர் போட்டு, மூன்று நாட்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். செலவு ஆயிரம் பவுணைத் தாண்டியது. அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் எம்மிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். "முதன்முதல் தட்டுக்கு வெளியே போனது எப்போது?" "அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன மாறியது?"

ஒவ்வொரு நாளும் நோயாளிகளிடம் நாம் கேட்கும் கேள்விகள் அவை. சொந்த வீட்டில் மட்டும் அவற்றைக் கேட்காமல் விட்டிருந்தோம்.

குற்றம் அல்ல, அறிகுறி

நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றுதான். தட்டுக்கு வெளியே சிறுநீர் போவது பூனையின் குற்றம் அல்ல. அது ஓர் அறிகுறி. காய்ச்சலும் இருமலும் எப்படியோ அப்படி. காய்ச்சல் வந்த பிள்ளையை எவரும் அடிப்பதில்லை. பூனையை மட்டும் அடிக்கிறோம். ஏனென்றால் அது எங்கள் கட்டிலை நனைத்துவிட்டது.

'பழிவாங்குகிறது' என்ற விளக்கம் எங்கள் கோபத்துக்கு வசதியானது. ஆனால் பழிவாங்குவதற்கு, "இன்றைக்கு இதைச் செய்தால் நாளைக்கு அவர்கள் வருந்துவார்கள்" என்று திட்டமிட வேண்டும். பூனை அப்படித் திட்டமிடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டிலையும் உடுப்பையும் அது தேடிப் போவதற்கு எளிய காரணங்கள் உண்டு. சிறுநீர் போகும்போது நோகிறது. நோவைத் தட்டோடு சேர்த்து நினைக்கிறது. ஆகவே தட்டை விட்டு மெத்தென்ற வேறு இடத்தை நாடுகிறது. அல்லது பயந்துபோய், வீட்டாரின் மணமும் தன் மணமும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஆறுதல் தேடுகிறது. எமது பையை நனைத்ததும் இதனாலாக இருக்கலாம்.

இதற்குப் பின்னால் இருக்கக்கூடிய நோய்கள் பல. சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் பளிங்குகள் சேர்ந்து கல்லாதல், நீரிழிவு, சிறுநீரகம் பழுதடைதல், தைரொயிட் மிகைச்சுரப்பு ஆகியன முக்கியமானவை. வயதான பூனைக்கு மூட்டுவாதம் இருந்தால் தட்டின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கவே நோகும். அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்றே படங்களைப் பார்த்து 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 90 பூனைகளில் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. அவை நொண்டி நடப்பதில்லை. குதிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆகவே எங்களுக்குத் தெரிவதில்லை.

இளம், நடுத்தர வயதுப் பூனைகளில் அதிகம் காணப்படுவது கிருமி இல்லாமலே வரும் சிறுநீர்ப்பை அழற்சி. அதில் மனஅழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பஃபிங்ரன் என்ற மிருக வைத்தியப் பேராசிரியரும் குழுவினரும் நோயுள்ள பூனைகளையும் சுகமான பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்து 2011ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். உணவு வேளை மாறுதல், பழகிய ஆள் இல்லாமற் போதல் போன்ற வழமைக்கு மாறான சம்பவங்கள் நடந்த வாரங்களில், சுகமான பூனைகளும் சாப்பாட்டைக் குறைத்தன. தட்டுக்கு வெளியே போயின. மருந்தால் மட்டும் இது மாறாது என்பதும், பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளில் கிருமித்தொற்று குறைவு என்பதால் அன்ரிபயோற்றிக் பெரும்பாலும் உதவாது என்பதும் இதனால்தான்.

கதவும் தாழ்ப்பாளும்

ஊரில் எங்கள் வீடுகளில் பூனைக்குத் தட்டு வைத்தவர் யார்? முற்றத்து மண்ணில் கிளறிப் போய், மூடிவிட்டு வரும். காணி முழுவதும் அதன் கழிப்பிடம். பிடிக்காத இடத்தை விட்டு அடுத்த வேலிக்கு அப்பால் போய்விடும். இங்கே நாங்கள் நாலு சுவருக்குள் அடைத்து, ஒரு பிளாஸ்ரிக் தட்டைக் காட்டி, "இதுதான் உனக்கு" என்கிறோம். அது மெசின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இருந்தாலும், இரண்டு நாள் அள்ளாமல் கிடந்தாலும், அதற்கு வேறு வழி இல்லை.

மனிதரையும் பூனையையும் ஒப்பிடுகிறோம் என்று கோபிக்க வேண்டாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். நாம் அப்போது யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த குடும்பங்களுக்கு உதவப் போயிருந்தோம். அங்கே பெண்கள் வரிசையாக வந்து சொன்ன வருத்தம் ஒன்றுதான்: சலக்கடுப்பு. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சில மலசலகூடங்கள். சிலவற்றின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். நாங்கள் குளிசை கொடுத்தோம். கிழமை முடிய மீண்டும் வந்தார்கள். யாரோ ஒரு தச்சுத் தொழிலாளி வந்து கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டு, பெண்களுக்கென்று இரண்டை ஒதுக்கிய பிறகுதான் அந்த வரிசை குறைந்தது.

மலசலகூடம் இருப்பது வேறு, அதைப் பயமின்றிப் பாவிக்க முடிவது வேறு என்று அன்று கற்றோம். மெசினுக்குப் பக்கத்தில் தட்டை வைத்தபோது அந்தப் பாடம் எங்கே போனதோ தெரியவில்லை.

முதலில் செய்ய வேண்டியது

முதல் வேலை மிருக வைத்தியரிடம் காட்டுவது. தட்டை மாற்றுவதும் மணலை மாற்றுவதும் அதற்குப் பிறகு. சிறுநீர்ப் பரிசோதனையும் தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

ஆண் பூனை வைத்திருப்போர் இதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடிக்கடி தட்டுக்குப் போய் முக்குதல், ஒன்றும் வராதிருத்தல் அல்லது துளி துளியாக வருதல், இரத்தம் கலந்து வருதல், கத்துதல், ஆணுறுப்பை ஓயாமல் நக்குதல், சாப்பிடாமை, வாந்தி, சோர்ந்து ஒளிதல். இவை அடைப்பின் அடையாளங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீண்டு ஒடுங்கியது; சளியும் பளிங்கும் சேர்ந்தால் அடைத்துவிடும். அடைத்தால் ஒன்றிரண்டு நாட்களுக்குள் உயிர் போகலாம். திங்கட்கிழமைவரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. அன்றைக்கே, இரவானாலும், கொண்டுபோக வேண்டும். எம்மைப்போல மலச்சிக்கல் என்று ஏமாறாதீர்கள்.

மனிதருக்குரிய எந்தக் குளிசையையும் கொடுக்காதீர்கள். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. எங்கள் வீடுகளில் எதற்கெடுத்தாலும் கொடுக்கும் பனடோலில் ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இபுபுறோஃபென் போன்ற நோ மருந்துகளும் அவ்வாறே. அன்று மகள் குறுக்கே வந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே இன்றும் மனம் கூசுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குந்தியிருந்து நிலத்திலோ கட்டிலிலோ போவது ஒன்று. நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுக்கி, சுவரிலோ கதவிலோ பீச்சுவது வேறொன்று. பின்னது எல்லை காட்டும் பழக்கம். கருத்தடை செய்யாத ஆண் பூனைகளில் அதிகம். சத்திரசிகிச்சையோடு பெரும்பாலானவற்றில் நின்றுவிடும். கருத்தடை செய்த பூனை பீச்சத் தொடங்கினால், யன்னலுக்கு வெளியே அயல் பூனை ஏதும் வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

தட்டும் தண்ணீரும்

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டுக் கூடுதலாக வையுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று. எல்லாவற்றையும் ஒரே அறையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரு தட்டுத்தான். வேறு வேறு இடங்களில் வையுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம். இரைச்சலும் நடமாட்டமும் இல்லாத இடமாக, வேறு பூனையோ நாயோ வழிமறித்தால் தப்பி ஓடக்கூடிய இடமாக இருக்கட்டும்.

கடையில் விற்கும் தட்டுகள் பலவும் சிறியவை. பூனையின் மூக்கில் இருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதன் ஒன்றரை மடங்கு நீளமான தட்டு வேண்டும். உடுப்பு வைக்கும் பெரிய பிளாஸ்ரிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டினால் மலிவாக முடியும். வயதான பூனைக்கு அந்தத் தாழ்ந்த வாசல் கட்டாயம் தேவை. மணம் சேர்க்காத, மென்மையான, கட்டியாகும் மணலே பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். எங்களுக்கு நல்ல மணமாக இருக்கும் மல்லிகையும் எலுமிச்சையும் அதற்கு மூக்கை அரிக்கும். ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட்டு, ஒவ்வொரு நாளும் அள்ளுங்கள்.

பூனையின் மூதாதையர் ஆபிரிக்க, மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். குறைந்த தண்ணீரோடு வாழப் பழகியவை. அதனால் சிறுநீர் தடித்திருக்கும். உலர்ந்த உணவை மட்டும் கொடுத்தால் இன்னும் தடிக்கும். ஈர உணவு கொடுப்பதும், வீட்டின் பல இடங்களில் அகன்ற கோப்பைகளில் தண்ணீர் வைப்பதும் சிறுநீரை இளக்கும். உணவை மாற்றுவதாக இருந்தால் சில நாட்கள் எடுத்து மெல்ல மாற்றுங்கள்.

பயந்த பூனைக்கு ஒளிக்க ஒரு அட்டைப்பெட்டி, ஏறி இருக்க ஒரு உயரமான இடம், நேரத்துக்குச் சாப்பாடு, தினமும் பத்து நிமிட விளையாட்டு. இவற்றுக்குச் செலவு இல்லை. அடித்தலும் கத்தலும் மூக்கைத் தேய்த்தலும் பயத்தைக் கூட்டும். பயம் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். பிறகு இன்னும் அதிகமாக வெளியே போகும். மூன்று கிழமை சின்னானுக்கு நாம் கொடுத்த 'வைத்தியம்' அதுதான்.

நனைந்த இடத்தை எப்படிக் கழுவுவது?

மணம் மிஞ்சினால் பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும். அமோனியா உள்ள துப்புரவு மருந்துகள் சிறுநீர்போலவே மணப்பதால் அவை வேண்டாம். நொதியங்கள் கொண்ட 'பயோலொஜிக்கல்' சலவைத்தூள் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் கழுவி, பின் குளிர்ந்த நீரால் அலசி உலர விடுங்கள். கம்பளத்தில் நிறம் போகுமா என்று முதலில் மறைவான மூலையில் பரிசோதியுங்கள்.

பிளீச்சைச் சிறுநீர்மேல் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உருவாகும் அமோனியாவுடன் அது சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயுவைத் தரும். வீட்டில் ஆஸ்த்மா உள்ளவர் இருந்தால் ஆபத்து. டெற்றோல்போலத் தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை அது நக்கிவிடும்.

கர்ப்பிணிகளும் பூனையும்

இது எமது சொந்தத் தொழில் சார்ந்த விடயம் என்பதால் உறுதியாகச் சொல்கிறோம். வீட்டில் மருமகள் கர்ப்பம் என்றவுடன் பூனையை அனுப்பிவிடும் வழக்கம் எங்களிடையே இருக்கிறது. தேவையில்லை. பயப்படப்படும் ரொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வருவது, சிறுநீரில் அல்ல. அதுவும் தொற்றுக்குள்ளான புதிதில் இரண்டு மூன்று கிழமைக்கு மட்டுமே வரும். வெளியே வந்த பின்னும் தொற்றும் தன்மை பெற ஒரு நாளாவது செல்லும். ஆகவே தட்டை ஒவ்வொரு நாளும் வேறொருவர் துப்புரவு செய்தால் போதும். யாரும் இல்லாவிட்டால் கையுறை அணிந்து, பின் கைகழுவ வேண்டும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத மரக்கறியும், தோட்டத்து மண்ணும் இந்தத் தொற்றுக்கு முக்கியமான வழிகள். அவற்றில்தான் கவனம் வேண்டும்.

பூனை ஒவ்வாமையால் ஆஸ்த்மா கூடுபவர் வீட்டில் இருந்தால் அது வேறு கதை. அதை உங்கள் குடும்ப வைத்தியருடன் பேசி முடிவெடுங்கள்.

கொடுத்துவிடுவது தீர்வா?

2020ஆம் ஆண்டு கொரோனா முடக்கத்தின்போது பிள்ளைகளின் தனிமைக்காகப் பூனை வாங்கிய வீடுகள் எங்களிடையே பல. முடக்கம் முடிந்து எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பியபோது, நாள் முழுக்க ஆட்களோடு பழகிய பூனை வெறும் வீட்டில் தனித்தது. அப்போது கம்பளத்தை நனைத்தால், அதில் பூனையின் பிழை எவ்வளவு?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பவருக்கு அதன் இருப்பிடம், உணவு, நோயில் இருந்து பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பு உண்டு. இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு யூன் 10ஆம் திகதி முதல், 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். கதவைத் திறந்து தெருவில் விட்டுவிட்டு 'தொலைந்துபோச்சு' என்று சொல்லும் காலம் போய்விட்டது. அப்படிச் செய்வது தவறு என்பதைச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

வைத்தியச் செலவு பெரியது என்பதை நாம் மறுக்கவில்லை. நோய் வருமுன் காப்புறுதி எடுத்தால் நல்லது. வந்த நோய்க்குப் பின்னால் எடுக்கும் காப்புறுதி உதவாது. பணக் கஷ்டம் இருந்தால் மிருக வைத்தியரிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த வருமானமுள்ளோருக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் இந்நாட்டில் உண்டு, அவர் வழிகாட்டுவார். எல்லாம் செய்தும் முடியாவிட்டால், தொண்டு நிறுவனம் ஊடாக, உண்மையைச் சொல்லி ஒப்படைப்பதில் வெட்கம் இல்லை. ஆனால் அது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று

எமது சிகிச்சை நிலையத்தில் பல வருடமாகக் காண்பது இது. ஏழு வயதுப் பிள்ளை படுக்கையை நனைக்கிறது என்று அடிவாங்கிய பிறகுதான் எம்மிடம் வருகிறது. பரம்பரையிலும் வரும், பெரும்பாலும் தானே மாறிவிடும் ஒரு நிலை அது. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. வயதான தாய் நனைந்த உடுப்பை ஒளித்து வைக்கிறார். மருமகள் அதைக் குணக்கேடு என்கிறார். சிறுநீர்த் தொற்றோ, நீரிழிவோ, ஞாபகமறதி நோயின் தொடக்கமோ என்று பார்க்க ஆறு மாதம் பிந்திவிடுகிறது. எங்கள் சமூகத்தில் சிறுநீர் என்றவுடன் நோய்க்கு முன்னால் வெட்கம் வந்து நிற்கிறது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வருகிறது. பேச முடிந்த மனிதருக்கே இந்த நிலை என்றால், வாயில்லாச் சீவனுக்கு எப்படி இருக்கும்?

ஆகவே வீட்டில் யார் நனைத்தாலும், பிள்ளையோ பெரியவரோ பூனையோ, "ஏன் செய்தாய்?" என்று அதட்டுவதற்கு முன், "எப்போது தொடங்கியது? அதற்கு முன் என்ன மாறியது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த இளம் வைத்தியர் அன்றிரவு எமக்குத் திருப்பிக் கற்றுத்தந்த பாடம் இதுதான்.

சின்னான் இன்றும் எங்களோடு இருக்கிறான். வயது பத்தாகிவிட்டது. இப்போது அவனுக்கு இரண்டு தட்டு. ஒன்று மேல்மாடியில். மற்றது அம்மாவின் அறையில், பழைய இடத்திலேயே. அங்கே வைக்கச் சொன்னவரும் அம்மாதான். விடிய எழும்பியதும் மணலில் எத்தனை கட்டி என்று எண்ணிப் பார்ப்பது அவர் வேலை. "இண்டைக்கு ரெண்டு தம்பி, பிழையில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்.

அடுத்த மடலில் வழமைபோல் நீரிழிவு பற்றிச் சந்திப்போம். அதுவரை நலமாக இருங்கள்.